எனக்கு எதிரே நின்ற எமில்

எமில் பாவ்லிக்கைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். பேப்பர்காரர்கள் ஒன்பது வருஷம் டன்ஸ்பர்க் மைதானத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன்கூட எமிலைப் பார்த்ததில்லை. பந்து போகிற பக்கமே கழுத்தைத் திருப்புகிறவனுக்கு எமில் எப்படிக் கண்ணில் படுவான்? எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஊரே கைதட்டும். அவன் ஓடுவதற்கு வழி வேண்டுமே, அதை யார் திறந்து விடுவது? எமில் 'கார்டு', வரிசைக் காவல்காரன். வரிசையில் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, எதிரே இருக்கிற தடியனை முட்டித் தள்ளி ஒதுக்குவது அவன் வேலை. அந்த எதிரே இருந்த தடியன் நான்.

என் பெயர் ஆர்வோ லெஹ்தினன். ஹார்லோ துறைமுகத்துக்காரன். கோடையில் கப்பலிலிருந்து இரும்புத் தாது இறக்குவேன், இலை உதிரத் தொடங்கினால் ஹார்லோ அணிக்கு ஆடுவேன். எமில் ஆற்றங்கரை டன்ஸ்பர்க்கில் உருக்காலைக்காரன். நான் இறக்கிய தாது ரயிலேறிப் போய் அவன் உலையில்தான் விழும். "நீ அனுப்புறதுல பாதி மண்ணுடா" என்பான். "நீ உருக்குறதுல பாதி உன் வேர்வைடா" என்பேன் நான்.

அவன் காலேஜ் பக்கம் போனவனில்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய மறுவருஷம், ஆலையில் ஷிப்ட் முடித்து, வேலை பூட்ஸோடு நேராக மைதானத்துக்கு வந்து "என்னைச் சேத்துக்குங்க" என்று நின்றானாம். முதல் நாளே மூன்று பேரைக் கீழே தள்ளியிருக்கிறான். சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒன்பது வருஷத்தில் மூக்கு இரண்டு தரம் உடைந்தது, ஒரு ஆட்டம்கூட விடவில்லை. பேப்பரில் அவன் பெயரைப் பாவ்லக் என்று போடுவார்கள், பால்விக் என்று போடுவார்கள், பெரும்பாலும் போடவே மாட்டார்கள். ஒரே ஒரு தடவை முதல் பக்கத்துப் படத்தில் வந்தான். நடுவில் பந்தோடு பறக்கிற வீரன், கீழ் மூலையில் ஒரு பூட்ஸ். அந்தப் பூட்ஸ் எமிலுடையது. அவன் அம்மா அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள்.

வருஷத்துக்கு இரண்டு தரம் எங்கள் அணிகள் மோதும், ஒரு தரம் அங்கே, ஒரு தரம் இங்கே. அந்த இரண்டு நாளும் அவன் மூச்சு என் முகத்தில் அடிக்கிற தூரத்தில் குனிந்திருப்போம். காலையில் என்ன தின்றான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"பூண்டு வாடை தாங்கலடா எமில். இத வச்சே என்னை விழ வச்சிடலாம்னு பாக்குறியா?"

"உனக்காகத்தான் ரெண்டு பல்லு சேத்துக் கடிச்சேன். வாய மூடிட்டுக் குனி."

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. நேராக முட்ட வரப் போகிறான் என்றால், ஊன்றிய கையில் பாரத்தைப் போடுவான், விரல் முட்டிகள் வெளுத்துப் போகும். பந்தை எறியப் போகிறார்கள், இவன் பின்வாங்கி எறிகிறவனைக் காக்கப் போகிறான் என்றால், கை புல்லின் மேல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், முட்டி சிவப்பாகவே இருக்கும். இதை நான் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டேன். வெளுப்பு என்றால் நான் தாழக் குனிந்து மரம் மாதிரி நிற்பேன். சிவப்பு என்றால் நிமிர்ந்து பாய்ந்து அவனைத் தாண்டிப் போய் எறிகிறவனை அமுக்குவேன். என் அணிக்காரர்களிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பார்க்கத் தெரிந்தவன் நான், பலன் எனக்கு.

ஆட்டம் முடிந்தால் பகை முடிந்தது. டன்ஸ்பர்க் என்றால் எமிலின் ஸ்லோவாக் ஜனங்கள் கூடுகிற கிளப்பின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹார்லோ என்றால் எங்கள் வீட்டில் புகைபோட்ட மீன், அதற்கு முன்னால் எங்கள் ஃபின்லாந்து வழக்கப்படி கொல்லையில் மரக்கட்டைக் குடிசைக்குள் நீராவிக் குளியல். முதல் தடவை எமில் அந்தக் குடிசைக்குள்ளிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தான். "உலை முன்னாடி நிக்கிற எனக்கே இந்தச் சூடா? உங்க ஆளுங்க இதக் காசு வாங்காமப் பண்றீங்களா?" என்றான். எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஜெயித்தவன் பரிமாற வேண்டும், தோற்றவன் உட்கார்ந்து முதலில் சாப்பிட வேண்டும்.

ஒன்பதாவது வருஷம் டன்ஸ்பர்க்குக்கு ஸ்ட்ராடர் என்றொரு புது கோச் வந்தார். ஆட்டத்தை முழுக்கப் படம் பிடித்து, இருட்டறையில் திரையில் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிற மனிதர். அந்த வருஷத்து முதல் மோதல் ஹார்லோவில் நடந்தபோது நான் எமிலைத் தாண்டித் தாண்டிப் போனேன். அதை அவர் படத்தில் பார்த்துவிட்டார். எமிலுக்கு முப்பத்தைந்து நெருங்குகிறது. அவன் இடத்துக்கு ஒரு காலேஜ் பையனும் தயாராக இருந்தான். ஸ்ட்ராடர் எமிலை அழைத்து, "அடுத்த தடவையும் லெஹ்தினன் உன்னைத் தாண்டினால் மறுநாள் காலை உன் லாக்கரைக் காலி பண்ணிக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும்? எமில் சொல்லவில்லை. அவன் செத்தாலும் சொல்ல மாட்டான். இரண்டாவது மோதலுக்காகச் சனிக்கிழமை நண்பகல் நாங்கள் டன்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் எமிலின் மனைவி வெரோனா நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி, கையில் கடைப் பை, கண்ணில் கோபம். என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அண்ணி, நான் என்ன பண்ணணும்னு சொல்றீங்க?" என்றேன். கொஞ்சம் மெதுவாக ஆடு என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் மனசும் அதற்குப் பாதி தயாராகத்தான் இருந்தது.

"என்ன பண்ணணுமா? அடி. எப்பவும் அடிக்கிற மாதிரி அடி. நீ பாவம் பாத்து ஒதுங்கினேன்னு அவருக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான், சாகற வரைக்கும் அதையே நெனச்சு நெனச்சுப் பொருமுவாரு. அவரோட குடும்பம் நடத்தப் போறது நீயா, நானா?"

"வேலை போயிடுமே?"

"வேலை போனா ஆலை இருக்கு. அந்த மனுஷன் தானா எழுந்து போகணும் தம்பி. கழுத்தப் புடிச்சுத் தள்ளக் கூடாது. ஆனா நீ கை குடுத்துத் தூக்கி விட்டு அவரு நிக்கவும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அவள் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எதிராளிக்குப் பாவம் பார்க்க நினைத்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. எமிலை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே மாதா கோயிலிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்துவிட்டது. ஆலைப் புகையும் மழைத் தூறலும் கலந்து வானம் கறுத்துக் கிடந்தது. நான் வெரோனா சொன்னபடியே ஆடினேன். சிவந்த முட்டியைப் பார்த்தால் பாய்ந்தேன், வெளுத்த முட்டியைப் பார்த்தால் தாழ்ந்தேன். முதல் பாதியில் அவர்கள் பந்து எறிகிறவனை இரண்டு தரம் சேற்றில் புரட்டினேன். ஒவ்வொரு தரமும் ஓரத்திலிருந்து ஸ்ட்ராடர் எமிலைப் பார்த்தார். அந்தக் காலேஜ் பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றினான்.

"உன் எடத்துக்கு ஆள் ரெடிடா எமில். பாத்தியா, குதிரக்குட்டி மாதிரிக் குதிக்கிறான்" என்றேன். வழக்கமான கேலிதான். கேலி பண்ணாமல் இருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"குதிக்கட்டும். நல்லாப் பசிக்கும்" என்றான்.

கடைசிக் கட்டம். நாங்கள் பதினேழு, அவர்கள் பதின்மூன்று. பந்து எங்கள் கோல் கோட்டுக்கு நான்கு கஜத்தில் வந்துவிட்டது. அவர்களுக்கு அது கடைசி முயற்சி. இரண்டு பக்கமும் குனிந்தோம். நான் வழக்கம்போல முதலில் எமிலின் கையைத்தான் பார்த்தேன். சேற்றுக்கு நடுவே சிவந்த முட்டி, புல்லைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. எறியப் போகிறார்கள்! எனக்குள் ஒரு சந்தோஷம். இந்தத் தடவை மூன்றாவது புரட்டு, ஆட்டமே முடிந்தது என்று நினைத்தேன். எமிலைப் பற்றியோ வெரோனாவைப் பற்றியோ அந்த நொடியில் என் தலையில் ஒன்றுமில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, நிமிர்ந்து பாய்ந்தேன்.

எமில் பின்வாங்கவில்லை. தரையோடு தரையாக வந்து என் விலாவுக்குக் கீழே தோளைக் கொடுத்தான். நிமிர்ந்து வருகிறவனுக்குக் கால் ஏது? தாது மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கினான். இரண்டு அடி, மூன்று அடி பின்னால் கொண்டுபோய் மல்லாக்கப் போட்டு, மேலே அவனும் விழுந்தான். எங்கள் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிக் கால்கள் ஓடிப் போயின. பிறகு அப்படியொரு சத்தம், மைதானத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. கோட்டைத் தாண்டியதற்கு ஆறு, அதன்மேல் உதைத்ததற்கு ஒன்று, ஆக இருபதுக்குப் பதினேழு. ஓடினவனை எல்லோரும் தோளில் தூக்கினார்கள். ஸ்ட்ராடர் மட்டும் எமிலிடம் வந்து அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு தட்டில் அவன் இடம் உறுதியாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மல்லாந்து கிடந்த எனக்குச் சிரிப்பு வந்தது. தோற்ற வயிற்றெரிச்சலோடு சிரித்தேன்.

சாயங்காலம் கிளப்பில் ஜெயித்தவன் பரிமாறினான். கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி, பன்றிக் கொழுப்பில் வதக்கிய மாவுருண்டை. தட்டை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவன் எதையும் தொடவில்லை.

"என்னடா இது ஜெயிச்சவன் மூஞ்சியா? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்க" என்றேன்.

"உண்மையச் சொல்லு. விட்டுக்குடுத்தியா?"

"என்னது?"

"கோல் கிட்ட. எனக்காக விழுந்தியா?"

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? விலா எலும்பு ஒடிஞ்சு கிடக்கு, விட்டுக்குடுத்தியாங்குற!"

"நீ என் கையப் பாத்துதானடா வருவ?"

வாயில் இருந்த கோஸ் அப்படியே நின்றது. சுற்றிலும் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"மூணாவது வருஷத்துலேருந்து."

"தெரிஞ்சும் ஏண்டா மாத்திக்கல? அதனாலயே இத்தனை தடவ என்கிட்ட அடி வாங்குனியே?"

"மாத்தினா நீ சும்மா இருப்பியா? காலப் பாப்ப, கண்ணப் பாப்ப, வேற எதையாவது கண்டுபுடிப்ப. அது எதுன்னு எனக்குத் தெரியாது. இதுன்னா நீ எங்க பாக்குறேன்னு எனக்குத் தெரியும். அதுல ஒரு தடவ பொய் சொல்லலாம். ரெண்டாவது தடவ நீ நம்ப மாட்ட. அந்த ஒரு தடவைய எப்ப செலவு பண்றதுன்னு பாத்துட்டே இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக மலைப்பு வந்தது. ஆறு வருஷம்! ஒவ்வொரு தடவையும் உண்மையைக் காட்டி அடி வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பொய்யைக் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறான். நான் அவனைப் படித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருக்க, அவன் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். எவ்வளவு பெரிய திருடன்!

"அப்புறம் என்னடா சந்தேகம்? நீ ஏமாத்தின, நான் ஏமாந்தேன். ஒழுங்கா ஒரு பீரக் குடி."

பக்கத்து மேஜையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த வெரோனா பக்கம் அவன் தாடையைக் காட்டினான். "இவ ஸ்டேஷனுக்கு வந்தாளாம். உங்க ஆளு ஒருத்தன் சொன்னான். என் கை உன்னை விழ வச்சுதா, இவ வாய் விழ வச்சுதான்னு இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்குறது?"

"நான் விட்டுக்குடுக்காதேன்னுதான்யா சொன்னேன்!" என்று கத்தினாள் வெரோனா.

"அப்படி வந்து சொன்னா எந்த மனுஷனும் விட்டுக்குடுப்பான்" என்றான்.

"எங்கம்மா மேல சத்தியமாச் சொல்றேன், விட்டுக்குடுக்கல" என்றேன்.

"ஏன், நான் நல்லாத் தூங்கணும்னு நீ பொய்ச் சத்தியம் பண்ண மாட்டியா?"

"பண்ணுவேன்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயை எதைக் கொண்டு அடிப்பது? ஆனால் உண்மையும் அதுதான், அவனுக்கும் அது தெரியும். எழுந்து போய்விட்டான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கை குலுக்காமல் பிரிந்தோம். ரயிலில் எனக்கு விலாவைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

எங்கள் அணியிலும் படம் போட்டுப் பார்க்கிற வியாதி வந்திருந்தது. திங்கட்கிழமை இருட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்து, எங்கள் கோச் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நடந்த அந்தக் கடைசி மோதலைப் போட்டார். நான் பாய்ந்தேன், விழுந்தேன். பின்னால் ஓட்டினார், எழுந்தேன். முன்னால் ஓட்டினார், விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். முதலில் பசங்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு ஆள் வந்து "கோச் கூப்பிடுறாரு, உன் சாமானையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றான். சாமானோடு வரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"உனக்கும் வயசாச்சு ஆர்வோ" என்றார் கோச். "பாவ்லிக் மாதிரி ஒரு கிழட்டுக் கார்டே உன்னை மல்லாத்திட்டான்னா, மத்தவன்லாம் என்ன பண்ண மாட்டான்?"

"என்னை என்ன வேணாச் சொல்லுங்க சார். அவனைக் கிழவன்னு சொல்லாதீங்க. சந்தேகமா இருந்தா நீங்க போயி அவன் முன்னாடி ஒரு தடவ குனிஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வேலை போனவன் அப்படிப் பேசலாம், இனி என்ன போகப் போகிறது?

வீட்டுக்குப் போகவில்லை. என் பழைய ஃபோர்டைக் கிளப்பி நேராக டன்ஸ்பர்க்குக்கு ஓட்டினேன். ஏன் போகிறேன் என்று வழியில் யோசித்தேன், தெளிவாக ஒன்றும் தோன்றவில்லை. இந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எமில் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெரோனா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வா தம்பி. ஞாயித்துக்கிழமைலேருந்து மனுஷன் பேச மாட்டேங்குறாரு. கோச்சே இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்தப் படத்தப் போட்டு, கார்டுன்னா இப்படி இருக்கணும்னு சொன்னாராம். அதுக்கும் இந்த மூஞ்சிதான்."

"எங்க கோச்சும் போட்டாரு" என்றேன். "என்னைத் தூக்கிட்டாங்கடா எமில்."

துருவுகிற கை நின்றது.

"எங்கேருந்து?"

"அணியிலேருந்துதான். இன்னிக்குக் காலைல. நீ என்னை மல்லாத்தினத நாப்பது தடவ ஓட்டிப் பாத்துட்டு வெளிய போன்னுட்டாரு. இப்பச் சொல்லுடா, நான் விட்டுக்குடுத்தேனா? உனக்காக ஒதுங்குவேன், சரி. என் சோத்துல நானே மண்ண அள்ளிப் போட்டுக்குவேனா?"

எமில் என்னையே பார்த்தான். நான் சொன்னது உள்ளே இறங்குவது அவன் முகத்தில் தெரிந்தது. முதலில் புருவம் இறங்கியது, பிறகு அந்த உடைந்த மூக்கு விரிந்தது, பிறகு வாய் ஒரு காதிலிருந்து மறு காது வரை போனது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மேஜையை ஓங்கித் தட்டினான், உருளைக்கிழங்கெல்லாம் தரையில் உருண்டது.

"நெசமாவே விழுந்தியாடா!" என்றான். "நெசமாவே நான் தள்ளித்தான் விழுந்தியா!"

வெரோனா துணியால் அவன் தலையில் ஒரு போடு போட்டாள். "அறிவிருக்காய்யா உனக்கு? மனுஷன் வேலை போச்சுன்னு வந்து நிக்கிறான், நீ பல்லக் காட்டுற!"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கட்டியது, அது சிரிப்பாலா துக்கத்தாலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "மன்னிச்சுக்கடா ஆர்வோ. ஐயோ, மன்னிச்சுக்க. எனக்கு… எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றான். தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல சிரிச்சு முடிடா" என்றேன்.

சிரித்தான். என் வேலை போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பேன். வெரோனா என்னைத் திட்டுவதா அவனைத் திட்டுவதா என்று தெரியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எமில் எழுந்து, தரையில் உருண்ட கிழங்கைத் தாண்டி வந்து, அந்தப் பெரிய கையை என் முன்னால் நீட்டினான்.